தீபாவளி வேலைக்கு நடுவில் இரங்கல் அட்டை: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் முறுக்கு மாவு அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். துக்கம் பண்டிகை பார்த்து வருவதில்லை. கையால் இரங்கல் அட்டை செய்வதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பாட்டி போன வாரம் தவறிட்டாங்க. வேலை, பிள்ளைங்க, பலகாரம்னு நேரமே இல்ல. கருமாதிக்குள்ள அட்டை கொடுக்கலைன்னா தப்பா?

தப்பே இல்லை தங்கச்சி. பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் ஆள் குறையாது. சொந்தம் வரும், சமையல் நடக்கும், அட்டையைப் பிரித்துப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. கருமாதி முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கும். அப்போது போய்ச் சேரும் அட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார்கள். எட்டாம் நாளில் நேரில் போய்த் தலையைக் காட்டுங்கள்; அட்டை பிறகு போகட்டும்.

ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து செய்ய முடியல. முன்கூட்டியே செஞ்சு வைக்கலாமா?

வெற்று அட்டையைச் செய்து வைக்கலாம், எழுத்தை மட்டும் வைக்கக் கூடாது. ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டரில் இரண்டு அட்டை கிடைக்கும். இதற்கு 114க்கு 162 அளவு உறை, அதாவது சி6 என்று கேட்டு வாங்குங்கள். தாள் சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் கனத்தில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் மணிலா அட்டை இருந்தாலும் போதும்.

மடிக்கும் முன் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வாக்கில் மடித்தால் விளிம்பு வெடிக்காது. மை தீர்ந்த பேனாவால் இரும்பு அடிக்கோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். பலகார வேலை சூடு பிடிக்கும் முன் ஓர் உட்காரலில் பத்து அட்டை முடித்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். அடுப்படி மேசையில் மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் புகை தாளில் இறங்கினால் மஞ்சள் கறை போகாது.

பசை போட்டதும் அட்டை வளைஞ்சிடுது. மழைக்காலம்னாலயா?

ஈரக்காற்று ஒரு காரணம், வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் இன்னொரு காரணம். குச்சிப் பசையோ இரட்டைப் பக்க டேப்போ பயன்படுத்துங்கள். ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள்.

எங்க அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் இறந்துட்டார். ரெண்டு பேரும் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினவங்க. இப்ப தோட்டம் முழுக்க செம்பனை (எண்ணெய்ப் பனை). அவர் வீட்டுக்குக் கொடுக்கிற அட்டையில தோட்டத்தை எப்படிக் கொண்டு வரலாம், அக்கா?

ரப்பர் இலையின் நரம்பை ஒட்டுங்கள் தம்பி. இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. 1877இல் ரப்பர் கன்று நட்ட கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊர். அன்றிலிருந்து எத்தனை அப்பாக்கள், அம்மாக்கள் விடியும் முன் தலைவிளக்கோடு அந்த மரத்தடியில் நின்றிருப்பார்கள்! அந்த இலை அவர் பிள்ளைகளுக்குப் பேசும்.

சிறுதோட்டக்காரர்கள் சிலர் இன்னும் ரப்பர் வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பறியுங்கள். முற்றிய கரும்பச்சை இலையாக இருக்க வேண்டும். சிவந்த தளிர் கரைந்துவிடும், கீழே காய்ந்து கிடப்பது நொறுங்கிவிடும். ஒரே காம்பில் மூன்று இலை இருக்கும். முதல் தடவை தனித்தனியாகப் பிரித்துச் செய்யுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம்போல வேக விடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். பழைய எவர்சில்வர் சட்டியை ஒதுக்கி, அதைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். பலகாரம் சுடும் நாளில் இந்த வேலையே வேண்டாம். பச்சை சதை வழுவழுப்பானதும் இலையைத் தட்டில் பரப்பி, மெல்லிய பல்துலக்கியால் நடுநரம்பிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தட்டி எடுங்கள், தேய்க்காதீர்கள். சதை வர மறுத்தால் இன்னும் அரை மணி வேகட்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு தாளுக்கு நடுவில் அழுத்திக் காய வையுங்கள்.

வெள்ளைத் தாளில் அந்த வலை தெரியாது. கருநீலமோ கரும்பச்சையோ அடியில் இருக்கட்டும். காம்பிலும் நடுநரம்பிலும் மட்டும் பசையைத் தொட்டு வையுங்கள். அட்டையின் முகப்பில் வேறெதுவும் வேண்டாம்.

என் மக ஜிகினா தூவணும்னு அடம் பிடிக்கிறா.

தீபாவளி அட்டைக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதில் அவள் உறையின் மேல் பெயரை அழகாக எழுதட்டும். துக்க வீட்டுக்கு ஒன்று செய்து கொடுத்தோம் என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

சீன அண்டை வீட்டார், மலாய்க்கார சக ஊழியர் வீட்டுக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்கணும்?

சீனர் வீட்டுக்குச் சிவப்பு அறவே கூடாது. வெள்ளை, சாம்பல், இளநீலம் நல்லது. உதவிப் பணம் கொடுப்பதானால் வெள்ளை உறையில் தனியாகக் கொடுங்கள். மலாய்க்காரர் வீட்டுக்கு ‘சலாம் தக்சியா’ என்று எழுதி, இறந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். விளக்கு, தெய்வப் படம் தவிர்த்து, பூவோ இலையோ வரைந்த எளிய அட்டை கொடுங்கள்.

என்ன எழுதறதுன்னுதான் தெரியல. ‘ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன்’னு மட்டும் எழுதினா போதுமா?

அந்த வரி இருக்கட்டும், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அதே வரியைப் பத்திரிகை அஞ்சலியிலும் மலர்வளையத்திலும் அவர்கள் பார்த்திருப்பார்கள். இறந்தவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ எழுதுங்கள். பிறகு, நீங்கள் மட்டும் அறிந்த ஒரு சம்பவம். ‘மழைக்குப் பால் வெட்டு இல்லாத நாளிலும் மாமா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து எல்லோரையும் விசாரிப்பார்’ என்று நீங்கள் எழுதினால், பேரப்பிள்ளைகள் தெரியாத ஒரு தாத்தாவை அறிந்துகொள்வார்கள்.

‘கொடுத்து வைத்தவர்’, ‘வயசாகிவிட்டது, கல்யாணச் சாவு’ என்றெல்லாம் எழுதாதீர்கள். தொண்ணூறு வயது அம்மாவை இழந்தவரும் அம்மாவைத்தான் இழந்திருக்கிறார். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்பதையும் விட்டுவிடுங்கள், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ‘சனிக்கிழமை சாப்பாடு கொண்டு வருகிறேன்’ என்று எழுதிவிட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள்.

துக்கம் இருக்கிற வீட்டுக்கு இந்த வருஷம் தீபாவளி அட்டை அனுப்பலாமா?

வாழ்த்து வேண்டாம். அவர்கள் இந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், அதனால் நீங்கள் சுட்ட பலகாரத்தில் ஒரு பங்கை எடுத்துப் போங்கள். தூக்குச் சட்டியின் மேல் சின்ன அட்டை ஒன்றை வைத்து, ‘அத்தை சுடுகிற அதிரசத்தை இந்த வருடம் நினைத்துக்கொண்டோம்’ என்பதுபோல உண்மையான ஒரு வரி எழுதுங்கள். ‘இனிய’ என்ற வார்த்தை எங்கும் வரக் கூடாது. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள், ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கும் காலையில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சாப்பிட ஏதாவது இருக்கும்.