பதில்: 3000 சொல் கட்டுரை, தலைப்பு அடங்கவே மாட்டேன் என்கிறது
கட்டுரைக்கு நீங்கள் எடுத்திருக்கும் ‘சமூக ஊடகமும் இளைஞர்களும்’ தலைப்பே இல்லைங்க, ஒரு துறை. 3000 சொல்லில் அடங்காது. ஒரு நிகழ்வு, ஒரு காலம் என்று சுருக்குங்கள்: ஒரு வேலைநிறுத்தத்தை இரண்டு நாளிதழ்கள் இரண்டு வாரம் எப்படி ஃப்ரேம் செய்தன, அதாவது எந்தக் கோணத்தில், எதை முன்னிறுத்திக் காட்டின?

கோட்பாட்டுக்கு ஊடக ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993இல் ஃப்ரேமிங் பற்றிச் சொன்ன நான்கு கூறுகள் போதும்: பிரச்சினை என்ன, காரணம் எது, சரியா தவறா, தீர்வு என்ன. இவற்றை எக்செலில் நெடுவரிசைகளாக்கி, செய்திக்கு ஒரு வரி நிரப்புங்கள். முதலில் 10 செய்தி மட்டும். அதே பத்தை நண்பர் ஒருவரும் தனியாகக் குறிக்கட்டும். விடைகள் நிறைய மாறினால் உங்கள் வரையறைதான் குழப்பம். இதைத் தவிர்த்தால் அறுபது செய்தி முடித்த பிறகு திரும்ப முதலிலிருந்து வரவேண்டியிருக்கும்.

‘வாசகர்களைப் பாதித்தது’ என்று முடிவு எழுதாதீர்கள். நீங்கள் ஆராய்வது செய்தியை. வாசகரைப் பற்றிச் சொல்ல நேர்காணலோ சர்வேயோ வேண்டும். ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் பற்றிய பகுதிக்கு 600 சொல், பகுப்பாய்வுக்குக் குறைந்தது 1500. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.