கண்ணாடிக் கேள்விகள்

கே: 1830-களின் அமெரிக்க அச்சுக் கண்ணாடித் தட்டுகளில் விரல் வைக்க இடமில்லாமல் புள்ளியும் சுருளுமாக இருக்கிறதே, அழகுக்காகத்தானா?

ப: குறையை மறைக்கவும்தான். சாண்ட்விச் போன்ற ஊர்களின் ஆலைகளில், கம்பியில் சுருட்டி எடுத்த கண்ணாடிக் குழம்பை உலோக அச்சுக்கு மேலே பிடித்து, வேண்டிய அளவு கத்தரியால் வெட்டி விழவைப்பார்கள். விளிம்புக்கு ஒரு வளையத்தை வைத்து நெம்புகோலை இழுத்தால், உலக்கை இறங்கிக் குழம்பை மூலைமுடுக்கெல்லாம் தள்ளும். அளவெல்லாம் கண்திட்டம்தான். குறைந்தால் விளிம்பு நிரம்பாது, கூடினால் அடி தடித்துப்போகும். அச்சு போதிய சூடில்லாமல் இருந்தால் கண்ணாடி தொட்ட மாத்திரத்தில் இறுகி, மேலே சுருக்கம் விழுந்து மங்கும். அதிகம் காய்ந்தாலோ ஒட்டிக்கொள்ளும். போதாததற்குக் கத்தரித் தழும்பு வேறு. பொடிப் புள்ளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் இதெல்லாம் கண்ணில் படாது. பாத்திரத்தை மறுபடி தீயில் காட்டி மழமழப்பாக்கும் பழக்கம் பரவியபின், வெறும் பட்டைகளும் வளைவுகளுமே போதுமானதாயின.

கே: பட்டை தீட்டிய கண்ணாடியிலிருந்து பிரித்தறிவது எப்படி?

ப: விரலால் தடவுங்கள். சக்கரத்தில் தீட்டிய விளிம்பு கூராக இருக்கும், அச்சில் வந்தது மழுங்கியிருக்கும். அச்சின் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடும் தெரியும். அலங்காரத்தின் ஓரத்திலேயே அதை ஒளித்திருப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துத் தேட வேண்டும்.

கே: தட்டினால் மணிபோல் ஒலிப்பதுதான் பழையதா?

ப: மணியோசை கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதைக் காட்டும், வயதை உறுதிசெய்யாது. 1864-ல் அமெரிக்காவின் வீலிங் நகரிலிருந்த ஹாப்ஸ் பிராக்குனியர் ஆலையில் வில்லியம் லெய்ட்டன் ஈயமில்லாத சோடா-சுண்ணாம்புக் கலவையை மேம்படுத்தினார். விலை மலிவு, எடையும் குறைவு. சீக்கிரம் இறுகுவதால் வேலையும் வேகமாக நடந்தது. ஒலிதான் மந்தம். அதனால் தட்டினால் ‘டொக்’ என்கிற கோப்பையும் 1870-களின் அசல் பொருளாக இருக்கலாம்.

கே: வெண்ணெய்த் தட்டு, சர்க்கரைக் கிண்ணம், கிரீம் ஜாடி கொண்ட செட்டில் மூடியில்லாத உயரக் கோப்பை ஒன்றும் இருக்கிறது. மூடி தொலைந்ததா?

ப: பெரும்பாலும் இல்லை. அது கரண்டிகளை நிறுத்தி வைக்கும் கோப்பை, அக்கால அமெரிக்க மேசைச் செட்டின் நான்காவது உருப்படி. வாயின் உட்பக்கம் பாருங்கள். மூடி உட்காரப் படி இருந்தால் அது சர்க்கரைக் கிண்ணம். விளிம்பு அலையலையாக வளைந்திருந்தால் கரண்டிக் கோப்பை என்றே கொள்ளலாம், அந்த விளிம்பில் மூடி எப்படி உட்காரும்?