கடன் வாங்கி ஏஐ படிப்பா? மகளின் நாட்டத்தைப் பாருங்கள்

கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கும் மகளை ஏஐ முதுநிலைப் படிப்பில் சேர்க்கக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு டேட்டாபேஸ்தான் பிடிக்கிறது, சித்தப்பாவோ "அதில் என்ன எதிர்காலம்?" என்கிறார். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் என் பதில் இதுதான்: வாங்காதீர்கள். யோசனை சொல்கிறவர் தவணை கட்டப் போவதில்லை. விருப்பமில்லாத படிப்பின் கடனை அவள்தான் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து சுமக்க வேண்டும்.

"எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று நாள் முழுக்கத் தோண்டுகிறாள்" என்று குறையாக எழுதியிருந்தீர்கள். அம்மா, அது ஒரு வேலை. பெரிய நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான டேபிள்கள் இருக்கும். அவற்றை உருவாக்கியவர்கள் எப்போதோ போயிருப்பார்கள், குறிப்பும் இருக்காது. நல்லவேளையாக, டேட்டாபேஸ் தன் அமைப்பையும் டேபிள்களாகவே வைத்திருக்கிறது. தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியை 1970இல் முன்வைத்த கணினி விஞ்ஞானி எட்கர் காட், அந்த விவரங்களையும் தரவைக் கேட்கும் அதே மொழியிலேயே கேட்க முடிய வேண்டும் என்று 1985இல் விதியாகவே சொன்னார். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்கியூஎல். அதன் எஸ்கியூஎல்-92 தரநிலையில் வந்த இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, அதாவது அமைப்பு விவரங்களின் தொகுப்பு, அதற்கானதுதான். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் என்ற மூன்று டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் இது உண்டு. ஆரக்கிளில் கிடையாது, அங்கே 'ஆல் டேப் காலம்ஸ்' போன்ற வியூக்களை, அதாவது டேபிள் போலவே கேட்டுப் பார்க்கக்கூடிய பட்டியல்களை, கேட்க வேண்டும்.

வாடிக்கையாளரின் பிறந்த தேதி எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் 'காலம்ஸ்' வியூவில் நெடுவரிசைப் பெயர்களை 'பர்த்', 'டிஓபி' (பிறந்த தேதியின் ஆங்கிலச் சுருக்கம்) என்று, பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் 'லைக்' போட்டுத் தேடினால் பட்டியல் வந்துவிடும். கூடவே தரவு வகையும் வரும்: ஒரு டேபிளில் 'டேட்' (தேதி), இன்னொன்றில் 'வார்கேர்' (வெறும் எழுத்துகள்). தரவை வேறு டேட்டாபேஸுக்கு மாற்றும்போது உடையப் போகும் இடம் அதுதான். அனுமதி இல்லாத டேபிள்களை இன்ஃபர்மேஷன் ஸ்கீமா காட்டாது என்பதால், விடை காலியாக வந்தாலே டேபிள் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இப்படிச் சந்தேகப்படும் புத்தி உங்கள் மகளிடம் ஏற்கனவே இருக்கிறது.

சித்தப்பா கேட்ட எதிர்காலத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவர் தன் தரவை அழிக்கச் சொன்னால், அது எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அழிக்க முடியும். ஏஐயை எஸ்கியூஎல் எழுதச் சொன்னாலும் டேபிள், நெடுவரிசை விவரங்களை முதலில் அதற்குக் கொடுத்தாக வேண்டும்.

தரவைப் பற்றிய இந்த விவரங்களைத்தான் மெட்டாடேட்டா என்பார்கள். 'மெட்டாடேட்டா' என்ற பெயரில் தொடக்க வேலைகள் அதிகம் இருக்காது. ஜூனியர் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி), டேட்டா அனலிஸ்ட், மைக்ரேஷன் சப்போர்ட் (தரவை இடம் மாற்ற உதவும் வேலை) வழியாக நுழையட்டும். தரவை யார், எப்படிக் கையாள்வது என்று முறைப்படுத்தும் டேட்டா கவர்னன்ஸ் பக்கம் அப்புறம் நகரலாம். போஸ்ட்கிரஸும் மைஎஸ்கியூஎல்லும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டையும் நிறுவி, ஒரே மாதிரி டேபிள்களை உருவாக்கி, நெடுவரிசைகளில் எங்கே வேறுபாடு என்று காட்டும் சின்ன ப்ரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் அதைத் திறந்து காட்டி, ஒவ்வொரு க்வெரியையும் (எஸ்கியூஎல் கேள்வியையும்) ஏன் அப்படி எழுதினாள் என்று அவளே விளக்கட்டும்.