கன்னத்துக் குழிக்கு வயிற்றுக் கொழுப்பு: லேசர் வேண்டாம்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் அடிபட்டு, வலது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. லேசர் லைப்போசக்‌ஷனில் (லேசரால் உருக்கிக் கொழுப்பை உறிஞ்சும் முறை) வயிற்றுக் கொழுப்பை எடுத்து நிரப்பலாம், மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்து அடுத்த முறை போடலாம் என்று ஒரு கிளினிக்கில் பேக்கேஜ் சொல்கிறார்கள். சரிவருமா?

பதில்: கொழுப்பை வைத்து நிரப்புவது நல்ல வழிதான். லேசரும் ஃப்ரீசரும் வேண்டாம்.

லேசர் கொழுப்பைச் சூட்டில் உருக்குகிறது. தொப்பை குறைக்க வந்தவருக்கு அதில் நஷ்டமில்லை. வெளியே வருவது எப்படியும் கழிவுதான். உங்களுக்கு வேண்டியது உயிருள்ள கொழுப்புச் செல். வெந்த விதையை விதைத்து என்ன பயன்?

உங்கள் குழிக்கு 5 மி.லி. சுத்தமான கொழுப்பே தாராளம். அதற்கு 20 மி.லி. எடுத்தால் போதும். தொப்புளுக்குள் 3 மி.மீ. கீறல் போட்டு, ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீருக்கு, ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் 1 மி.கி. என்ற கணக்கில், மரத்துப்போகும் மருந்தும் கலந்த திரவத்தில் தேவையான அளவை உள்ளே விட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே உறிஞ்சினால் ரத்தம்தான் வரும். நுனி மழுங்கிய 3 மி.மீ. கேனுலா என்ற மெல்லிய குழாயை 10 மி.லி. சிரிஞ்சில் மாட்டி, பிஸ்டனை 2 மி.லி. அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓட்டினால் கொழுப்பு தானாக ஏறும். பிஸ்டனைக் கடைசிவரை இழுத்தால் அழுத்தத்தில் செல் உடையும். உடைந்ததற்கு அடையாளம் மேலே மிதக்கும் எண்ணெய்.

அந்தச் சிரிஞ்சை மூடி நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே எண்ணெய், நடுவே மஞ்சளாகக் கொழுப்பு, அடியில் ரத்தமும் தண்ணீரும். நடு அடுக்கு மட்டுமே கன்னத்துக்கு. அதையும் 1 மி.லி. சிரிஞ்சில் மாற்றி, ஒரு ஓட்டத்துக்கு 0.1 மி.லி.க்கும் குறைவாக இழை இழையாக வைக்க வேண்டும். உருண்டையாகக் கொட்டினால் நடுவில் இருப்பதற்கு ரத்த ஓட்டம் எட்டாது. அது செத்து எண்ணெய்க் கட்டியாகும். முகத்தில் கூர்மையான ஊசியால் செலுத்துகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு ஏறினால் பார்வையே போகலாம்.

உறிஞ்சும் மெஷினே கூடாதா என்றால், ஒரு இடத்தில் கூடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மார்பை நிரப்ப 200, 300 மி.லி. வேண்டியிருக்கும். அதைக் கையால் எடுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அங்கே மெஷின் உறிஞ்சலாம். ஆனால் முழு வேகத்தில் அல்ல, அரை வளிமண்டல அழுத்தத்தில். அதாவது மீட்டரில் 760 மி.மீ. பாதரசம் அல்ல, 380 சுமார். கொழுப்பு மூடிய பாட்டிலில் சேர வேண்டும். லேசர் அங்கேயும் கிடையாது. உங்களுக்கு இதில் எதுவுமே பொருந்தாது. ‘பெரிய கேஸுக்கே மெஷின்தான் போடுகிறோம்’ என்று சொல்லி மடக்குவார்கள் என்பதால் விளக்குகிறேன்.

ஃப்ரீசர் விஷயம் சுத்த ஏமாற்று. சாதாரணமாக உறைய வைத்தால் பனித்துகள் செல்லைக் கிழித்துவிடும். அடுத்த முறை உங்கள் கன்னத்தில் ஏறுவது செத்த கொழுப்பு. ‘ஸ்டெம் செல் கலந்தது’ என்று கூடுதலாக ஒரு தொகை கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வைத்ததில் பாதி கரைந்துபோவது சகஜம். மூன்று மாதம் கழித்துத்தான் மிஞ்சியது தெரியும். தேவைப்பட்டால் மறுபடி புதிதாக எடுத்து வைப்பார்கள். தழும்பு எலும்போடு ஒட்டியிருந்தால் முதலில் அதை விடுவிக்க வேண்டும். உடல் எடை ஏறினால் அந்தக் கன்னமும் உப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேக்கேஜ் விலையை உங்களிடம் பேசியது டாக்டரா, ‘கவுன்சிலர்’ என்ற பெயரில் கமிஷனுக்கு உட்கார்ந்திருப்பவரா? எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி (அந்தத் துறையின் மேற்படிப்பு) படித்தவர் யார், கொழுப்பை எடுக்கப்போவது அவரேதானா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. அழகு சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. பாலிசியிலேயே எழுதியிருக்கும். எழுதியிருந்தும், பில்லில் ‘லைப்போசக்‌ஷன்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே, உள்ளே படிக்காமல்கூட நிராகரித்துவிடக்கூடும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு’ என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். விபத்தன்று ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.