சின்ன டிசைன் ஏஜென்சி ஆரம்பிச்சா கிளையன்ட்ட எப்படி சமாளிக்கிறது?

ஐடி வேலைய விட்டுட்டு ஃப்ரெண்டோட சேர்ந்து லோகோ, பேக்கேஜிங், போஸ்டர்னு சின்னதா ஒரு ஆபீஸ் போடப் போறேன், டிசைன் கை வரும் ஆனா கிளையன்ட்ட நினைச்சாதான் வயித்த கலக்குதுனு கேட்டிருக்கீங்க. நான் கோயம்புத்தூர்ல பதினோரு வருஷமா இதத்தான் பண்றேன். என்னோட சேத்து நாலு பேரு, ஒரு ஏசி, ரெண்டு நல்ல மானிட்டர், அவ்ளோதான் ஆபீஸ். வர்றவங்கள்ல பாதிப்பேரு என்னைய பாத்துட்டு "சார் இல்லீங்களா அம்முணி?"னு கேப்பாங்க, மொதல்ல கோவம் வந்துச்சு, இப்ப "சார் இல்லீங்க, நான்தான்"னு சொல்லிட்டு டீ சொல்லிடுவேன்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். கிளையன்ட் நம்ம டிசைன புரிஞ்சுக்க மாட்டாங்கனு நீங்க பயப்படுறீங்க, அதெல்லாம் பெரிய பிரச்சனையே இல்ல. உங்ககிட்ட பேசுற ஆள் ஒருத்தர், வேணாம்னு சொல்ற ஆள் வேற ஒருத்தர், இதுதான் பிரச்சனை. அந்த ரெண்டாவது ஆள நான் கண்டுபிடிக்காம விட்ட ஒரு வேலை எனக்கு எவ்ளோ செலவு வச்சுதுனு சொல்றேன்.

பொள்ளாச்சி பக்கம் ஒரு பலகார கம்பெனி, முறுக்கு தட்டுவடை எல்லாம் போடுறவங்க, பேரு வேணாம். அந்த வீட்டு பையன் எம்பிஏ முடிச்சுட்டு வந்திருந்தான், கடைக்கடையா கட்டி தொங்கவிடுற பிளாஸ்டிக் கவர மாத்தி சூப்பர்மார்க்கெட்ல நிக்கிற மாதிரி பவுச் வேணும், "அக்கா, மினிமலா இருக்கணும், மேட் ஃபினிஷ், கருப்பு"ன்னான். எனக்கு ஒரே சந்தோஷம், இந்த மாதிரி கிளையன்ட் வருஷத்துக்கு ஒருத்தர் கிடைச்சா பெருசு. ரெண்டு மாசம் உக்காந்து பண்ணோம். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் வாட்ஸ்அப்ல கட்டவிரல் வரும், "செமக்கா" வரும், கடைசியா "கோ அஹெட்" வந்துச்சு. அத நம்பி பிரிண்டருக்கு ஃபைல் குடுத்துட்டேன்.

இங்க பேக்கேஜிங் தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்லணும். முறுக்கு பவுச் எல்லாம் பெரும்பாலும் கிராவூர் பிரிண்டிங், அதுல ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர், ஆறு கலர்னா ஆறு சிலிண்டர், டிசைன அதோட காப்பர் மேல அப்படியே செதுக்கிடுவாங்க. நோட்டீஸ் மாதிரி ஒரு பிளேட்ட மாத்திட்டு மறுபடி அடிச்சுக்கலாம்கிற கதையெல்லாம் இல்ல, செதுக்கினப்புறம் ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அந்த சிலிண்டர திரும்ப பண்ணணும். அதனாலதான் பவுச் ஃபிலிம் அடிக்கிறவங்க ஒவ்வொரு பக்கமும் கையெழுத்து வாங்காம வேலைய தொடவே மாட்டாங்க. நானும் கையெழுத்து வாங்கினேன், யார்கிட்ட? பையன்கிட்ட.

சிலிண்டர் ரெடியாகி சாம்பிள் ரோல் வந்த அன்னிக்கு பையனோட அப்பா வந்தாரு. கைல வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு, "ஏனுங் அம்முணி, பலகாரத்த கருப்பு கவர்ல போட்டு சீர்வரிசைக்கு யாரு எடுத்துட்டு போவாங்க? எழவு வீட்டுக்கா?"ன்னாரு. குரல் ஒசத்தவே இல்ல. பையன் தரைய பாத்துட்டு நிக்கிறான். எனக்கு பக்குனு ஆயிடுச்சு, ஏன்னா அவரு சொன்னது சரி. அந்த கம்பெனியோட பெரிய யாவாரமே தீவாளியும் கல்யாண சீரும்தான், அத நான் ஒரு தடவ கூட கேக்கல, சூப்பர்மார்க்கெட் ஷெல்ஃப மட்டுமே மனசுல வச்சு பண்ணிருக்கேன்.

கதை அதோட முடியல. சரிங்க மாத்திடலாம்னு அவரு வீட்டுக்கே போனா, அங்க அப்பத்தா இருக்காங்க. கம்பெனி பேரே அவங்க பேருதான், நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு அடுப்புல ஆரம்பிச்சது அவங்கதான். புது டிசைன மஞ்ச கலர்ல எடுத்துட்டு போயிருந்தேன். அவங்க கண்ணாடிய போட்டு பாத்துட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணு: "முறுக்கு எங்க கண்ணு?" உள்ள இருக்கறது வெளிய தெரியணும்கிறாங்க. கவர்ல கண்ணாடி மாதிரி ஒரு இடம் விட முடியாதா? முடியும், ஆனா எண்ணெய்ல பொரிச்ச பண்டத்துல வெளிச்சம் பட்டா சீக்கிரம் காறிடும், அதுக்குத்தான் உள்பக்கம் வெள்ளியா மின்னுற ஃபிலிம் போட்டு நைட்ரஜன் அடைக்கிறதே. இத அப்பத்தாகிட்ட சொன்னேன், எண்ணெய் காறுறத பத்தி அவங்களுக்கு நான் பாடம் எடுக்கறேன் பாருங்க, "தெரியும் கண்ணு, அதுக்குத்தானே அந்த காலத்துல தகர டின்னுல போட்டு மூடி வச்சோம்"னாங்க. கடைசில அவங்க அடுப்படிலயே, அவங்க கையால சுத்துன கைமுறுக்க வச்சு போட்டோ எடுத்தோம், அதுதான் இன்னிக்கும் கவர்ல இருக்கு. பழைய சிலிண்டர்ல உள்ள இரும்பு மட்டும் மிச்சம், மேல செதுக்கினது போச்சு, அந்த செலவுல பாதி நான் ஏத்துக்கிட்டேன். கையெழுத்து இருந்துச்சேனு சண்டை போட்டிருக்கலாம், ஆனா போட்டிருந்தா அந்த கம்பெனி அதோட போயிருக்கும்.

அன்னிலேர்ந்து மொத மீட்டிங்ல நான் டிசைன் பத்தி பேசறதே இல்ல. "முடிவு யாரு எடுப்பீங்க?"னு கேட்டா எல்லாருமே "நான்தாங்க"ம்பாங்க, அதனால அப்படி கேக்கறதுல பிரயோஜனமே இல்ல. நான் கேக்கறது வேற: "போன தடவ விசிட்டிங் கார்டு அடிச்சீங்கள்ல, அத அடிக்கறதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட காட்டுனீங்க?" இதுக்கு யோசிக்காம உண்மை வந்துடும். மச்சான், ஆடிட்டர், நியூமராலஜி பாக்குற ஒருத்தர், சம்சாரம். நியூமராலஜி ஆள் இருக்காருனு தெரிஞ்சா லோகோவ தொடறதுக்கு முன்னாடியே பேரோட ஸ்பெல்லிங்க முடிவு பண்ணிட்டு வாங்கனு அனுப்பிடுவேன். ரெண்டு "ஏ" போட்டப்புறம் லோகோவ மறுபடி வரைஞ்சவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கரெக்ஷன் எத்தன தடவங்கறத கொட்டேஷன்லயே எழுதிடுங்க. நாங்க மூணு. நாலாவதுக்கு காசுனு போட்டா யாரும் காசு குடுக்கப் போறதில்ல, ஆனா மூணாவதுலயே எல்லாரும் ஒழுங்கா உக்காந்து பாப்பாங்க. வாய்ஸ் நோட்டுல வர்ற கரெக்ஷன டைப் பண்ணி திருப்பி அனுப்பி "இதானேங்க?"னு ஒரு பதில் வாங்கிக்கோங்க, ராத்திரி பதினொரு மணிக்கு பைக்ல போயிட்டே பேசுன வாய்ஸ் நோட்டு காலைல அவங்களுக்கே ஞாபகம் இருக்காது.

சட்டம்னு ஒண்ணு இருக்கறது சில சமயம் நமக்கு நல்ல துணை. கடை போர்டுல இங்கிலீஷ்தான் பெருசா வேணும்னு ஒத்த கால்ல நிப்பாங்க, தமிழ்நாட்டுல பெயர்ப்பலகைல தமிழ், இங்கிலீஷ், மத்த மொழி அஞ்சுக்கு மூணுக்கு ரெண்டுனு விதி இருக்குனு சொன்னா பேச்சு முடிஞ்சுது. சாப்பாட்டு பாக்கெட்னா உணவு பாதுகாப்பு ஆணையம் குடுக்கற பதினாலு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், சைவம்னு காட்டுற பச்சை புள்ளி, எடை, எம்ஆர்பி இதெல்லாம் கட்டாயம், "அத சின்னதா ஒரு மூலைல போட்டுக்கலாம்க்கா"ன்னா விடாதீங்க, எழுத்து சைஸுக்கே விதி இருக்கு. தமிழ் மேட்டர் பழைய டிடிபி ஃபான்ட்ல வந்தா எல்லா கம்ப்யூட்டர்லயும் படிக்க முடியற யூனிகோடுக்கு மாத்தினப்புறம் ஒரு தமிழ் தெரிஞ்ச ஆள் எழுத்துக்கூட்டி படிக்கணும். ஃபோட்டோஷாப்ல தெற்காசிய எழுத்துக்கான செட்டிங்க ஆன் பண்ணாம விட்டா கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய் நிக்கும், அதோட அப்படியே ஃப்ளெக்ஸ் அடிச்சு ஊர்ல மாட்டுனவங்களயும் பாத்திருக்கேன்.

காலண்டர் வேலைய பத்தி ஒரு வார்த்தை. சிவகாசில புது வருஷ காலண்டர் ஆல்பம், அதாவது மாடல் காட்டுற புக், ஆடிப்பெருக்குக்கே வந்துடும், நம்ம கிளையன்ட்டுக்கு கார்த்திகைலதான் ஞாபகம் வரும். அந்த மாசம் வேற எதுக்கும் தேதி குடுக்காதீங்க.

இப்ப பணம். பாதி அட்வான்ஸ் வராம கம்ப்யூட்டர ஆன் பண்ணாதீங்க, சொந்தக்காரங்கன்னா முழுசா. ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணிருந்தா இதுல ஒரு கண்ணி இருக்கு: பில்ல போட்டுட்டா கிளையன்ட் பணம் குடுத்தாலும் குடுக்கலேன்னாலும் அதோட 18 சதவீதத்த நீங்க கட்டியாகணும், மாசாமாசம் ரிட்டர்ன் போடுறவங்களுக்கு அடுத்த மாசம் 20ம் தேதி. ஜிஎஸ்டி வந்த மொத வருஷம் நான் ஒரு ஸ்கூலுக்கு பில்ல போட்டுட்டு என் நகைய வச்சு வரி கட்டினேன், ஸ்கூல் பணம் எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. அதனால மொதல்ல ப்ரொஃபார்மா, அதாவது இவ்ளோ ஆகும்னு காட்டுற முன்-பில், பணம் எப்ப வரும்னு தெரிஞ்சப்புறம்தான் டாக்ஸ் இன்வாய்ஸ், தேதிய உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணிக்கோங்க. கம்பெனிக்காரங்க பெரும்பாலும் டிடிஎஸ்னு உங்க வருமான வரிக்காக 10 சதவீதம் முன்னாடியே புடிச்சுட்டுதான் குடுப்பாங்க, அது உங்க பணம்தான், வருமான வரி ரிட்டர்ன்ல கணக்குக்கு வரும், ஆனா அன்னிக்கு கைல இருக்காது, சம்பளத்துக்கு கணக்கு போடுறப்ப அத மறந்துடாதீங்க.

உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது சின்ன தொழில்னு அரசாங்கத்துல பதியறது, இன்னிக்கே பண்ணுங்க, ஃப்ரீதான், ஆதாரும் பானும் போதும். 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி சின்ன கம்பெனிக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, இல்லேன்னா 15 நாள்ல பணம் குடுக்கணும். இத சொல்லி ஒருத்தரயும் அசைக்க முடியாம இருந்துச்சு, ஆனா 2024 ஏப்ரல்லேர்ந்து வருமான வரி சட்டத்துல 43பி(எச்)னு ஒரு பிரிவு வந்தப்புறம் கத மாறிடுச்சு, நம்ம பில்லுக்கு பணத்த அந்த கெடுவுக்குள்ள குடுக்கலேன்னா நிஜமா குடுக்கற வருஷம் வரைக்கும் அத கிளையன்ட் தன் செலவு கணக்குல காட்ட முடியாது. இப்ப உத்யம் நம்பர இன்வாய்ஸ்லயே பிரிண்ட் பண்றேன். ஒரு வருஷமா ஃபோன எடுக்காத ஒரு பம்பு கம்பெனிலேர்ந்து, கணக்கு வருஷம் முடியப் போற மார்ச் 27ம் தேதி அவங்க ஆடிட்டரே கூப்பிட்டு, "மேடம், உங்க அக்கவுன்ட் நம்பர் அதேதானுங்களே?"ன்னாரு.

பாகம் பிரிக்கிறது, ஃப்ரெண்டோட எழுத்துல ஒப்பந்தம் போடறது இதெல்லாம் தனியா கேளுங்க, அது இத விட பெரிய கதை.