பழைய புல்தரையை எடுத்துவிட்டுப் பாத்தி போடுவது எப்படி? கொத்திப் புரட்டினால் போதுமா?

20 சதுர மீட்டர் பழைய புல்தரை, அதில் காய்கறிப் பாத்தி போட வேண்டும், ரோட்டவேட்டர் விட்டுப் புரட்டிவிடலாமா என்பது கேள்வி. என்ன புல் என்று பார்க்காமல் புரட்டாதீர்கள்.

முதலில் ஒரு ஓரத்தில் கையகல இடத்தை 15 செ.மீ. ஆழம் தோண்டி வேரைப் பாருங்கள். மெல்லிய நார்களாக, கொத்தாக இருந்தால் வேலை சுலபம். மேலாகப் பத்தை பத்தையாக, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த புல்துண்டுகளாக, சீவி எடுத்தாலே போதும். வெள்ளையாக, கணுக்கணுவாக, மண்ணுக்குள் படுத்து ஓடும் தண்டு தெரிந்தால் அது அறுகு வகை. அதன் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுச் செடி கிளம்பும். ரோட்டவேட்டர் அந்தத் தண்டைத் துண்டு துண்டாக்கி நிலம் முழுக்க நட்டுவைக்கும், அவ்வளவுதான். கரும்பழுப்பு நிறத்தில் சின்னக் கிழங்குகள் தட்டுப்பட்டால் கோரை. அதற்குத் தனி வைத்தியம்.

சீவி எடுப்பதற்கு மண்ணின் ஈரம்தான் முக்கியம். காய்ந்த மண்ணில் மண்வெட்டி இறங்காது. சேற்றில் பத்தை கனத்துக் கையிலேயே உடையும். ஒன்றிரண்டு நாள் முன்பு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். புல்லை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். சொட்டுநீர்க் குழாய், தெளிப்பான், மின்கம்பி எங்கே போகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

வாய் தட்டையான மண்வாரியை அரத்தால் கூராக்கிக்கொண்டு, 30 செ.மீ. அகலத்தில் நேர்க்கோடாக வெட்டுங்கள். பிறகு ஒரு முனையில் மண்வாரியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில் அடியில் தள்ளிக்கொண்டே போனால், பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டலாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல் சுருட்டாதீர்கள், தூக்க முடியாது. 4 செ.மீ. தடிமனில் ஈரப் பத்தை சதுர மீட்டருக்கு 50 கிலோ வரை வரும். உங்கள் 20 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். வெட்டுவதைவிட இதைச் சுமப்பதுதான் வேலை. எங்கே கொட்டுவது என்று தீர்மானிக்காமல் முதல் வெட்டுப் போடாதீர்கள். பத்தை வெட்டும் இயந்திரம் 50 சதுர மீட்டருக்கு மேல் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். மரவேர் அருகிலும் வளைவுகளிலும் அது உதவாது.

அறுகு என்றால் சீவினதோடு நிற்க முடியாது. முள்வாரியைக் குத்தி மண்ணை நெம்பி, வெள்ளைத் தண்டை அறுக்காமல் பின்தொடர்ந்து இழுக்க வேண்டும். பெரும்பாலும் மேல் 15 செ.மீ.க்குள் இருக்கும், இளகிய மண்ணில் இன்னும் ஆழமாகப் போகும். மண்வெட்டியால் கொத்தினால் துண்டாகி உள்ளேயே தங்கிவிடும். எடுத்ததை எருக்குழியில் போடாமல் சிமென்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் படக்கென்று முறியும் அளவுக்குக் காயவிடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் தூக்காமலே சாகடிக்கலாம். அட்டைப்பெட்டிகளின் ஒட்டுநாடா, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் பிடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே 10 செ.மீ. கனத்துக்குச் சருகோ மரச்சில்லோ போடுங்கள். கொத்துப் புல் மூன்று முதல் ஆறு மாதத்தில் அடியிலேயே மட்கிவிடும், மேல்மண்ணும் போகாது. இடுப்புவலி உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அறுகு இணைப்பு இடுக்கு வழியே தலைகாட்டும், கோரை அட்டையையே குத்திக்கொண்டு வரும்.

கடும் வெயில் காலத்தில் இன்னொரு வழி: நிலத்தை நனைத்து, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாளை இழுத்து விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுவது. வெயில் குறைந்த மாதத்தில் இதைச் செய்தால் புல்லுக்குக் கூடாரம் போட்டு வளர்த்த கணக்கு. கோடையிலும் ஆழத்தில் கிடக்கும் தண்டும் கிழங்கும் தப்பிவிடும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்து அடிப்பதானால் புல் பச்சையாக, வளர்ந்துகொண்டிருக்கும்போது அடிக்க வேண்டும். மருந்து இலை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வாடிய புல்லிலும் அன்றுதான் வெட்டிய புல்லிலும் வேலை செய்யாது. காற்றில் பறந்தால் பக்கத்துச் செடிகளும் போகும்.

கோரைக்கு, கிழங்கை முடிந்தவரை தோண்டி எடுத்துவிட்டு, முளைக்கும் ஒவ்வொன்றையும் நாலைந்து இலைக்குள் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டே இருப்பதுதான் வழி. விட்டால் புதுக் கிழங்கு வைத்துவிடும்.

பத்தையோடு நல்ல மேல்மண்ணும் போயிருப்பதால் இடம் 5 செ.மீ. பள்ளமாகி, மழையில் தண்ணீர் கட்டும். 20 சதுர மீட்டருக்கு ஒரு கன மீட்டர் மட்கிய எருவும் மண்ணும் போட்டு நிரப்புங்கள். கொத்துப் புல் பத்தைகளைப் புல் கீழே பார்க்க அடுக்கிக் கருப்புத் தாளால் மூடி வைத்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் அதுவே நல்ல மண்ணாகிவிடும்.

உடனே விதைக்காதீர்கள். தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். தப்பிய துண்டுகளும் பழைய களை விதைகளும் முளைக்கும். களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி எடுங்கள். அறுகுத் தண்டாக இருந்தால் மட்டும் தோண்டி எடுங்கள். பாத்திக்கு வெளியே இன்னும் புல் இருந்தால், எல்லையில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மாதம் ஒருமுறை அதற்குள் நீளும் தண்டுகளை அறுத்துவிடுங்கள்.