தாமதமாக வந்த மதியச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

உங்கள் உரை ஒன்றில் அமெரிக்க நீதிபதி சான்ட்ரா டே ஓ'கானரின் பண்ணை வாழ்க்கையைக் குறிப்பிட்டீர்கள். அதைக் கேட்டு, அவர் தம்பியுடன் சேர்ந்து எழுதிய நினைவு நூலை வாங்கிப் படித்தேன். டயர் பஞ்சரான சம்பவத்தில் அவருடைய அப்பா நடந்துகொண்ட விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற மகளிடம் இப்படியா பேசுவார்கள்? அப்படி வளர்ந்த ஒருவர் எப்படிப் பாசமான தாயாக இருந்திருக்க முடியும்? இன்னொரு கேள்வி. பிள்ளைகளுக்காக அவர் ஐந்து ஆண்டுகள் வேலையை விட்டார். என் மனைவியும் அப்படிச் செய்யலாமா என்று யோசிக்கிறோம். என் அம்மா சென்ற ஆண்டு காலமானார். நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்காகவே தன்னை உருக்கிக்கொண்ட தெய்வம் அவர். அதனால்தான் இந்தக் கேள்விகள் என்னை விடமாட்டேன் என்கின்றன.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அம்மா போன முதல் ஆண்டில் எதைப் படித்தாலும் அவரே வந்து நிற்பார். உங்கள் கடிதத்தில் அது தெரிகிறது. அந்த டயர் சம்பவத்தை நானும் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி வேலையை விடலாமா என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அதில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இனி டயர். நூலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசோனாவும் நியூ மெக்ஸிகோவும் சந்திக்கும் வறண்ட எல்லையில் இருந்தது லேசி பி என்ற அந்த மாட்டுப் பண்ணை. சான்ட்ராவின் தாத்தா 1880இல் தொடங்கியது, ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்தது. காற்றாலைகள் நிலத்தடி நீரை இறைத்தால்தான் மாடுகளுக்குத் தண்ணீர். சான்ட்ராவுக்கு ஏழு வயதாகும்வரை வீட்டில் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ கிடையாது. கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாட்களில் ஆட்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். சமைத்த உணவை வண்டியில் எடுத்துப் போய் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அன்று அந்தப் பொறுப்பு பதின்ம வயதுச் சான்ட்ராவுக்கு வந்தது. வழியில் டயர் பஞ்சர். சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆள் இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கினால் நட்டுகள் துருப்பிடித்து அசைய மறுக்கின்றன. வண்டியை மறுபடி தரையில் இறக்கி, ஸ்பானர் மேல் ஏறி நின்று தன் உடல் எடையால் அவற்றைத் தளர்த்தி, திரும்பத் தூக்கி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறாள். அப்பா ஏறெடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அது முடிந்த பிறகுதான் சாப்பாடு. தாமதமாகிவிட்டது என்கிறார். டயர் பஞ்சரானது என்கிறாள். அப்படியானால் இன்னும் முன்னதாகக் கிளம்பியிருக்க வேண்டும் என்கிறார். அவ்வளவுதான்.

இது கொடுமை என்கிறீர்கள். இல்லை. அங்கே பசியோடு நின்றவர்கள் விடியற்காலையிலிருந்து குதிரைமேல் இருந்தவர்கள். சாப்பாடு தாமதமானது உண்மை. அவர் சொன்னதை அந்த ஆட்களில் யாரிடமும் அதே சொற்களில் சொல்லியிருப்பார். மகள் என்பதற்காக ஒரு தனிக் கணக்கை அவர் திறக்கவில்லை. மாடு திரட்டும் வேலை அதுவரை அந்தப் பண்ணையில் ஆண்களுடையதாகவே இருந்தது என்பதையும், அதில் இறங்கிய முதல் பெண் சான்ட்ராதான் என்பதையும் அதே நூலில் படித்தீர்களே, அதை எப்படி மறந்தீர்கள்? அவளைத் தட்டிக் கொடுத்து, ஐயோ பாவம், தனியாக என்ன கஷ்டப்பட்டாயோ என்று அப்பா சொல்லியிருந்தால் அந்த நொடியிலேயே அவள் வேலையாள் என்ற இடத்தை இழந்து, வேடிக்கை பார்க்க வந்த குழந்தையாகியிருப்பாள். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். நானும் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் மரியாதையை நீங்கள் பார்க்காமல் போனது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இரக்கம் ஒன்றே பாசம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

பிறகு அவர் எப்படிப்பட்ட தாயானார் என்று பாருங்கள். 1952இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்தார். வகுப்பின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவர். ஒரு பெரிய சட்ட நிறுவனம் அவருக்குத் தர முன்வந்தது வழக்கறிஞர் வேலையல்ல, அலுவலகச் செயலாளர் வேலை. கலிஃபோர்னியாவில் ஓர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முதலில் சம்பளமே இல்லாமல் சேர்ந்தார். மூன்று மகன்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண் ஊரைவிட்டுப் போனதும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வீட்டில் இருந்தார். அந்த ஆண்டுகளை நீங்கள் தியாகம் என்ற பெட்டியில் வைக்கிறீர்கள். அவரோ அப்போது வழக்கறிஞர் தேர்வுக்கு வினாக்கள் எழுதினார், தொண்டு அமைப்புகளை நடத்தினார், பிள்ளைகளையும் வளர்த்தார். 1965இல் வேலைக்குத் திரும்பினார். 1973இல் அரிசோனா மாநில மேலவையான செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். எந்த மாநிலத்திலும் ஒரு பெண் அந்தப் பதவியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. அந்த நியமனத்துக்கு நாட்டின் செனட்டில் 99 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றும் இல்லை. 1988இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. பத்து நாட்களில் நீதிமன்றத்தில் வந்து அமர்ந்துவிட்டார். கணவருக்கு அல்சைமர் நோய் முற்றியபோது, 2006இல் நாட்டின் மிக வலுவான அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். பின்பு பராமரிப்பு இல்லத்தில் கணவர் மற்றொரு பெண்மணியிடம் பற்றுக்கொண்டார். கணவர் அமைதியாக இருக்கிறாரே என்று சான்ட்ரா மகிழ்ந்ததாக மகன் சொன்னார். தன்னை உருக்கிக்கொண்டவரால் இப்படி நிற்க முடியுமா? வண்டி நடுவழியில் நின்றால் இறங்கி என்ன செய்வது என்று தெரிந்தவரால்தான் முடியும்.

இந்த 'உருக்கிக்கொண்டார்' என்பதைப் பற்றித்தான் உங்களோடு எனக்குச் சண்டை. என் அம்மா காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் வளர்ந்தவர். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமான மேய்ச்சல் நிலம் அது. அவர் இறந்த பதினாறாம் நாள் உறவினர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசினார்கள். பட்டினி கிடந்து எங்களுக்கு ஊட்டியது, ஒரு நல்ல சேலை கட்டாதது. கடைசியில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "வயிற்றில் கன்று குறுக்கே நின்றுவிட்டால் நடுச்சாமத்தில் உங்கள் அம்மாவைத்தான் கூட்டிப் போவோம். முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே கைவிட்டுக் கன்றைத் திருப்பிவிடுவார். என் தொழுவத்தில் மட்டும் இரண்டு பசுக்களைப் பிழைக்க வைத்தார்" என்றார். பந்தலில் இருந்த பலருக்கு அது புதிய செய்தி. அன்று முழுவதும் அம்மாவைப் பற்றிப் பேசப்பட்டதில் அம்மா இருந்தது அந்தச் சில வாக்கியங்களில் மட்டும்தான். மற்றதெல்லாம் எந்த அம்மாவுக்கும் பொருந்தும்.

நம் அஞ்சலிக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். தந்தையர் கட்டினார்கள், வாங்கினார்கள், வழக்கில் வென்றார்கள். தாயார் பொறுத்தார், விட்டுக்கொடுத்தார், அழுதார். ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும், எதில் அவர் கெட்டிக்காரர், எதற்காக ஊரார் அவரைத் தேடி வந்தார்கள் என்பதெல்லாம் அவரோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. பெற்ற பிள்ளைகளே இதைச் செய்கிறோம், அதுவும் அன்பின் பெயரால். தெய்வம் என்று எழுதிவிட்டால் அதன்பின் விசாரிக்கும் வேலை நமக்கு இல்லை அல்லவா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தெய்வம் என்கிறீர்கள், உருகினார் என்கிறீர்கள். அம்மா என்ன செய்யத் தெரிந்தவர் என்று ஒரு சொல்கூட இல்லை. அவர் வேலைக்குப் போனாரா, தைத்தாரா, சீட்டுப் பிடித்தாரா, கணக்கில் புலியா, யாரோடு சண்டை போட்டு எதை வாங்கினார்? உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருடைய தோழிகள் இருப்பார்கள், தெருவில் பழகியவர்கள் இருப்பார்கள். நினைவு மலரை அச்சுக்குக் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். போய்க் கேளுங்கள். உறவினர்களைக் கடைசியாகக் கேட்டால் போதும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.